ஷாட்கன் தோட்டா நிரப்பும் பிரஸ்: பெஞ்சில் துளையிட்டு இறுக்குவதா, தட்டில் ஏற்றுவதா, கிளாம்ப் போதுமா?

பிரஸ் என்பது சுட்டு முடித்த ஷாட்கன் தோட்டாக் கூட்டில் வெடிமருந்தும் ரவையும் (சிறு ஈயக் குண்டுகள்) மறுபடி நிரப்பும் கருவி. முதல் பிரஸ் வாங்கியபோது அதற்காகப் பெஞ்சில் துளை போட எனக்கு மனம் வரவில்லை. புதிதாகச் செய்த மேல்பலகை. அதனால் ஒரு பிளைவுட் துண்டில் பிரஸ்ஸைத் திருகி, அந்தத் துண்டை இரண்டு சி-கிளாம்ப் போட்டு விளிம்போடு பிடித்துவிட்டேன். தோட்டாக்கள் வந்தன, பார்க்க நன்றாகவும் இருந்தன. ஒரு நாள் மாலை வழக்கத்தைவிட அதிகமாக நிரப்பிக்கொண்டிருந்தபோது, இடையிடையே விழுந்த மருந்தை எடுத்துத் தராசில் வைத்துப் பார்த்தேன். தொடக்கத்தில் விழுந்ததைவிடப் பிறகு விழுந்தது கொஞ்சம் கூடுதல். அதற்கடுத்து இன்னும் கொஞ்சம் கூடுதல். மருந்தை அளக்கும் புஷ்ஷிங்கை மாற்றவில்லை, மருந்தையும் மாற்றவில்லை. ஒவ்வொரு இழுப்புக்கும் பெஞ்ச் குலுங்கியது. குலுங்கக் குலுங்க, பிரஸ்ஸின் உச்சியில் உள்ள குப்பிக்குள் மருந்து அமுங்கி இறுகியது.

ஷாட்கன் பிரஸ் மருந்தை எடை பார்த்துப் போடுவதில்லை, கொள்ளளவு பார்த்துத்தான் போடுகிறது. புஷ்ஷிங் என்பது ஒரு சின்ன வளையம். அதன் குழியில் எவ்வளவு மருந்து நிறைகிறதோ அவ்வளவுதான் தோட்டாவுக்குள் இறங்கும். மெல்லிய செதில் மருந்து தளர்வாகக் கிடந்தால் அந்தக் குழியில் குறைவாகப் பிடிக்கும், அமுங்கிக் கிடந்தால் அதிகமாகப் பிடிக்கும். பிரஸ் கீழே விழாமல் நின்றால் போதும் என்று பொருத்துகிறவர்கள் நிறையப் பேர். மருந்து ஒரே சீராக விழும்படி நிற்க வேண்டும் என்பது என் கட்சி. கீழே வரும் ஒவ்வொரு முறையையும் அந்த அளவுகோலை வைத்துத்தான் பார்க்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோட்டா நிரப்ப உங்கள் நாட்டுச் சட்டத்தில் அனுமதி இருக்கிறதா, உரிமம் வேண்டுமா என்பதை உறுதி செய்துகொண்டவர்களுக்கும், அச்சிட்ட அளவுக் கையேட்டை அப்படியே பின்பற்றுகிறவர்களுக்கும் எழுதியது இது. பெஞ்சைப் பற்றித்தான் இங்கே பேச்சு. எவ்வளவு மருந்து, எந்த வாட் (மருந்துக்கும் ரவைக்கும் நடுவே வைக்கும் அடைப்பு) என்பதெல்லாம் கையேட்டின் வேலை.

இழுப்பு எங்கே போகிறது

காலித் தோட்டாவை டை (கூட்டை வடிவுக்குக் கொண்டுவரும் அச்சு) அழுத்தும்போது எழும் பெரிய விசை பெஞ்சுக்கு வருவதே இல்லை. அடித்தட்டு, தூண், மேல்சட்டம் என்று பிரஸ்ஸின் உடம்புக்குள்ளேயே அது சுற்றி முடிந்துவிடும். பெஞ்சுக்கு வருவது உங்கள் கையின் இழுப்பு மட்டும். ஆனால் அது நேர்செங்குத்தாக வருவதில்லை. கைப்பிடி அடித்தட்டுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதைக் கீழே இழுத்தால் பிரஸ் முன்பக்கம் கவிழப் பார்க்கும். அப்போது பின்பக்கத்துப் போல்ட்கள் மேல்நோக்கி இழுபடுகின்றன. கைப்பிடியை மேலே தள்ளும்போது தோட்டா டையில் சிக்கியிருந்தால் எல்லாம் தலைகீழ். முன்பக்கத்துப் போல்ட்கள் இழுபடும். இப்படி மாறி மாறி இழுபடுவதுதான் திருகைத் தளர்த்துகிறது. ஒரு பெட்டித் தோட்டா நிரப்ப இப்படி எத்தனை இழுப்பு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இன்னொரு விசையும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு நேரத்தில் ஒரு தோட்டாவை மட்டும் கையாளும் சாதாரண ஒற்றை நிலைப் பிரஸ்ஸில், எடுத்துக்காட்டாக மெக் 600 ஜூனியரில், சார்ஜ் பாரை (மருந்தையும் ரவையையும் அளந்து இறக்கும் சட்டம்) இடமும் வலமும் கையால் தள்ளுகிறோம். பிரஸ்ஸின் உச்சியில் ஒரு பக்கம் ரவைக் குப்பி, இன்னொரு பக்கம் மருந்துக் குப்பி. ரவை ஈயம், அதனால் உச்சிப் பாரம் அதிகம். உயரமான, தலை கனத்த ஒரு பொருளை உச்சியில் பக்கவாட்டில் தட்டினால் அடியில் சின்னத் தளர்வு இருந்தாலும் மேலே பெரிய ஆட்டமாகத் தெரியும். கிளாம்ப் தோற்றுப்போவது பெரும்பாலும் இந்தப் பக்கவாட்டு ஆட்டத்தில்தான். கைப்பிடியை இழுக்கும்போது எல்லாம் கெட்டியாக இருப்பதுபோலவே தோன்றும்.

புரோகிரஸிவ் பிரஸ்ஸின் கதை வேறு. மெக் 9000 வரிசை, ஹார்னடி 366, ஸ்போலார், பான்ஸ்னஸ் வாரன் போன்றவற்றில் ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு முழுத் தோட்டா வெளியே வரும். பழைய பிரைமரை (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) வெளியே தள்ளுவது, புது பிரைமர் வைப்பது, மருந்து, வாட், ரவை, வாயை மடிப்பது எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும். அத்தனை வேலைக்கும் சேர்த்துக் கை ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். ஒற்றை நிலைக்குப் போதுமான பிடிப்பு புரோகிரஸிவுக்குப் போதாது. கால் மிதியில் ஓடும் ஹைட்ராலிக் வகை கையின் இழுப்பை எடுத்துவிடுகிறது. ஆனால் ஒவ்வொரு சுற்றின் அதிர்வும் அங்கேயும் உண்டு.

பெஞ்ச் சரியில்லாமல் பொருத்தும் முறையைப் பேசிப் பயனில்லை

நான்கு உயர்ரகப் போல்ட் போட்டு 18 மில்லிமீட்டர் பலகையில் இறுக்கினால் பிரஸ் பலகையோடு சேர்ந்து வளையும், அவ்வளவுதான். பலகையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. இரண்டு 18 மில்லிமீட்டர் பிளைவுட்டை முழுப் பரப்பிலும் பசை தடவி ஒட்டி 36 மில்லிமீட்டர் ஆக்கினால் விறைப்பு எட்டு மடங்கு. பசை இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் திருகினால் இரண்டு மடங்கை ஒட்டித்தான் நிற்கும், ஏனென்றால் இரண்டும் தனித்தனியாகச் சறுக்கி வளைகின்றன. ஒரு டப்பா மரப்பசை செய்யும் வேலையை இங்கே வேறெதுவும் செய்யாது.

எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த பலகை) மேல்பலகை தட்டையாக இருக்கும், கனமாகவும் இருக்கும், ஆனால் திருகைப் பிடித்துவைக்கும் சக்தி அதற்குக் குறைவு. ஈரம் பட்டால் ஊதிவிடும். அதுதான் கைவசம் இருக்கிறது என்றால் அடியில் பிளைவுட் சேர்த்து ஊடுருவும் போல்ட் மட்டும் போடுங்கள்.

பிரஸ்ஸை எங்கே வைப்பது என்பதும் தடிமன் அளவுக்கு முக்கியம். பெஞ்சின் நடுவில் வைக்கவே எல்லாருக்கும் ஆசை. இரண்டு பக்கமும் பொருட்களைப் பரப்ப வசதி. ஆனால் பலகை அதிகம் வளைவது அங்கேதான். கால் நிற்கும் இடத்துக்கு நேர் மேலே, அல்லது அதை ஒட்டி வைத்தால் இழுப்பு நேராகத் தரைக்குப் போய்விடும். நடுவில்தான் வேண்டும் என்றால் அந்த இடத்தில் முன்னிருந்து பின்னாக ஒரு குறுக்குக் கட்டை அடியில் கொடுக்க வேண்டும். அந்தக் கட்டை போல்ட் துளைக்கு நேரே வந்துவிடாமல் முன்கூட்டியே அளந்துகொள்ளுங்கள்.

பெஞ்சை முன்னும் பின்னும் ஆட விடாமல் நிறுத்த, பின்பக்கத்தைச் சுவரோடு போல்ட் போட்டுப் பிடிப்பதைவிடச் சுலப வழி இல்லை. வாடகை வீடு, சுவரில் துளை போட முடியாது என்பவர்களுக்குக் கைவசமே ஒரு வழி இருக்கிறது. ரவை மூட்டைதான். 25 பவுண்டு மூட்டை ஒன்று 11 கிலோவுக்குச் சற்று மேல். பெஞ்சின் கீழ்த்தட்டில் நான்கு மூட்டை அடுக்கினால் 45 கிலோ, அதுவும் தரைக்குப் பக்கத்தில். நான் இன்றும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். மூட்டை தீரத் தீரப் பெஞ்ச் இலேசாகிவிடும் என்பதால் கடைசி இரண்டை மட்டும் தொடுவதில்லை.

நேராகத் துளையிட்டுப் போல்ட் போடுவது

ஒரே பிரஸ், ஒரே அளவுத் தோட்டா, பெஞ்சும் அதற்கென்றே இருக்கிறது என்றால் இதைத் தாண்டி யோசிக்கவே வேண்டாம். பலகையை முழுக்க ஊடுருவும் போல்ட், அடியில் அகல வாஷர், அதற்குக் கீழே நைலான் வளையம் வைத்த லாக் நட். மாறி மாறி வரும் இழுப்பைச் சாதாரண நட் தாங்காது, மெல்ல மெல்லக் கழன்று வரும். லாக் நட் அசையாது. அகல வாஷர் இல்லாவிட்டால் நட் மரத்துக்குள் புதைந்துகொண்டே போகும். நீங்கள் இறுக்க இறுக்க அது இன்னும் ஆழமாகப் புதையும்.

போல்ட் எவ்வளவு பருமன்? பிரஸ்ஸின் அடித்தட்டில் ஏற்கெனவே உள்ள துளைக்கு எது ஆட்டமின்றி நுழைகிறதோ அது. துளை பெரிது, போல்ட் சிறிது என்று விட்டால் அந்த இடைவெளிக்குள் அடித்தட்டு நகர்ந்துகொண்டே இருக்கும்.

நேரடிப் போல்ட்டில் ஒரு ஆபத்து உண்டு, அதைப் புதியவர்கள் எதிர்பார்ப்பதில்லை. அதிகமாக இறுக்குவது. மேல்பலகை துல்லியமாகத் தட்டையாக இல்லாமல் ஒரு மூலை ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால், அந்த மூலைப் போல்ட்டை இறுக்கும்போது அடித்தட்டே முறுக்கிக்கொள்ளும். ஒற்றை நிலைப் பிரஸ்ஸில் இது பெரிதாகத் தெரியாமல் போகலாம். புரோகிரஸிவில் சுழலும் தட்டு ஒவ்வொரு நிலையிலும் டைக்கு நேர் கீழே வந்து நிற்க வேண்டும். அடித்தட்டு முறுக்கினால் ஒரு நிலையில் சரியாகவும் இன்னொரு நிலையில் ஓரம் தட்டியும் நிற்கும். தோட்டாவின் வாய் நசுங்கி வருகிறது, மடிப்பு ஒரு பக்கம் சாய்கிறது என்று டையைத் திருத்திக்கொண்டே இருப்பீர்கள். கோளாறோ கீழே போல்ட்டில். போல்ட்களைக் கையால் மட்டும் இறுக்கிவிட்டு, நான்கு மூலையிலும் ஒரு காகிதத் துண்டை நுழைத்துப் பாருங்கள். எந்த மூலையில் காகிதம் சுலபமாக நுழைகிறதோ அங்கே மெல்லிய தகட்டுத் துண்டு வைத்துவிட்டு அப்புறம் இறுக்கலாம்.

ஊடுருவும் போல்ட்டுக்குப் பதிலாக மரத்திருகு போடலாமா என்று கேட்பவர்களுக்கு: தற்காலிகமாகப் போடலாம், நிரந்தரமாக வேண்டாம். மரத்திருகு மர நாரைப் பிடித்து நிற்கிறது. ஆயிரக்கணக்கான இழுப்புக்குப் பிறகு அந்த நார் பொடியாகிவிடும். லீ லோட்-ஆல் போன்ற இலேசான பிரஸ்ஸைத் தடித்த பலகையில் திருகிவைத்து மாதம் ஒரு முறை சில பெட்டிகள் நிரப்புகிறவருக்கு அது காலத்துக்கும் நிற்கும். கனமான பிரஸ்ஸுக்கு நிற்காது. ஒரு முறை கழற்றி அதே துளையில் மறுபடி போட்டால் பழைய பிடிப்பு இருக்காது.

நட்டைப் பிடிக்க ஒவ்வொரு முறையும் பெஞ்சுக்குக் கீழே படுக்க முடியாது என்பவர்களுக்கு டி-நட் நல்ல தீர்வு. பல் வைத்த நட் அது, மரத்தில் அடித்துப் பதிக்கலாம். எந்தப் பக்கம் பதிக்கிறோம் என்பதில்தான் சூட்சுமம். அடிப்பக்கம் பதித்தால், மேலிருந்து போல்ட்டை இறுக்க இறுக்க அது மரத்துக்குள் இன்னும் அழுந்தும். மேல்பக்கம் பதித்தால் அதே இறுக்கம் அதைப் பிடுங்கி வெளியே எடுத்துவிடும். மரத்தில் திருகி நுழைக்கும் திரெட் இன்சர்ட்டுக்கும் இதே கணக்குத்தான். விளிம்பு வைத்ததாக வாங்கி அடியிலிருந்து ஏற்றுங்கள்.

மாற்றிப் போடும் தட்டு

இரண்டாவது பிரஸ் வீட்டுக்கு வந்த நாளில் நேரடிப் போல்ட் முறையின் குறை தெரிந்துவிடும். 12 கேஜுக்கு (கேஜ் என்பது துப்பாக்கிக் குழாயின் அளவு) ஒன்று, 20 கேஜுக்கு இன்னொன்று என்று வைத்தால் பெஞ்சின் நீளம் பிரஸ்ஸுக்கே போய்விடும். ஒவ்வொரு பிரஸ்ஸுக்கும் துளை அமைப்பு வேறு. மாற்றிப் பொருத்தும்போதெல்லாம் புதிய துளை போட்டால் கொஞ்ச நாளில் பலகை சல்லடையாகிவிடும்.

எல்லாப் பிரஸ்ஸுக்கும் ஒரே அளவில் தட்டுகள் வெட்டி, ஒவ்வொரு பிரஸ்ஸையும் அதனதன் தட்டில் நிரந்தரமாகப் போல்ட் போட்டுவிட வேண்டும். தட்டுகளின் நான்கு மூலைத் துளைகள் மட்டும் எல்லாவற்றிலும் ஒன்றுபோல் இருக்கும். பெஞ்சில் அதே அமைப்பில் நான்கு டி-நட். பிரஸ்ஸை மாற்ற நான்கு போல்ட்டைக் கழற்றி மாட்டினால் போதும். இதற்கென்றே செய்த உலோகத் தட்டுகளும் கிடைக்கின்றன. ஆனால் 18 மில்லிமீட்டர் பிர்ச் பிளைவுட்டில் வீட்டிலேயே செய்தது கனமான ஒற்றை நிலைப் பிரஸ்ஸுக்குத் தாராளமாகப் போதும். புரோகிரஸிவுக்கு 10 அல்லது 12 மில்லிமீட்டர் அலுமினியம் போட்டால் நிம்மதி.

தட்டைப் பெஞ்சின் மேல் அப்படியே வைப்பதா, மேல்பலகையில் செவ்வகக் குழி வெட்டி அதற்குள் சமமட்டமாக இறக்குவதா என்பது அடுத்த கேள்வி. மேலே வைத்தால் வேலை ஒரு மணி நேரத்தில் முடியும். குழியில் இறக்கினால் ரூட்டர் (மரத்தில் பள்ளம் வெட்டும் கருவி) வேண்டும், பொறுமை வேண்டும், ஆனால் பக்கவாட்டு ஆட்டம் அறவே நிற்கும், ஏனென்றால் தட்டின் நான்கு விளிம்பையும் மரம் பிடித்துக்கொள்கிறது. சார்ஜ் பாரைத் தட்டும் அந்தப் பக்கவாட்டு விசையை மேலே வைத்த தட்டில் போல்ட்கள் மட்டுமே தாங்க வேண்டும். குழியில் விளிம்பும் சேர்ந்து தாங்கும். பிரஸ் இல்லாதபோது வெற்றுத் தட்டு ஒன்றைக் குழியில் போட்டுவிட்டால் பெஞ்ச் மறுபடி வெறும் பெஞ்ச். எனக்கு இதுதான் பிடித்த முறை, நான் வந்து சேர்ந்ததும் இங்கேதான்.

குழியின் அடி எவ்வளவு தட்டையோ அவ்வளவுதான் தட்டின் நிலைப்பு. ஒரு மரச்சீவல் அடியில் மாட்டிக்கொண்டாலும் தட்டு ஊசலாடும். தட்டை இறக்கும் முன் விரலால் தடவிப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. ஒரு முறை விரலில் தட்டுப்பட்டது ஒரே ஒரு ரவை. ஏழரை நம்பர் ரவை 2.4 மில்லிமீட்டர் விட்டம். அதன்மேல் தட்டை வைத்து இறுக்கியிருந்தால் ஒரு மூலை அவ்வளவு உயரத் தூக்கியிருக்கும்.

இந்த முறையின் உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. பிரஸ்ஸைத் தூக்கி மாற்றுவது சுலபமாகிவிட்டதால், குப்பிகளைக் காலி செய்யாமலே தூக்கும் சோம்பல் வரும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். மருந்து அதன் சொந்த டப்பாவுக்கு, ரவை அதன் மூட்டைக்கு, பிரைமர் அதன் பெட்டிக்கு. பிறகுதான் போல்ட்டில் கை வைக்க வேண்டும். எந்த மருந்து உள்ளே கிடக்கிறது என்று மறந்துபோன குப்பி, இந்த வேலையிலேயே மிக ஆபத்தான பொருள். தவிர, மருந்தை நாட்கணக்கில் பிளாஸ்டிக் குப்பியில் விட்டுவைத்தால் பிளாஸ்டிக்கின் உள்சுவர் மங்கிக் கறைபடும்.

டி-டிராக்

மரவேலைக்காரர்கள் டி-டிராக் என்றால் விட மாட்டார்கள். பெஞ்சில் இரண்டு அலுமினியத் தடங்களைப் பதித்து, டி-போல்ட்டால் எதை வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் பிடிக்கலாம். துளைக் கணக்கே தேவையில்லை. காகிதத்தில் பார்த்தால் இதுதான் எல்லாவற்றையும் வெல்ல வேண்டும்.

நான் இதை முழு மனதோடு பரிந்துரைக்காததற்குக் காரணம் அந்தத் தடத்தின் வாய். ஒரு அவுன்ஸ் எட்டு நம்பர் ரவையில் சுமார் 410 மணிகள். ஒரு முறை கை தவறினால் அத்தனையும் பெஞ்சில் ஓடும், பாதி அந்தத் தடத்துக்குள் போய் உட்காரும். அடுத்த முறை டி-போல்ட்டை நகர்த்தும்போது நடுவில் சிக்கி நிற்கும். ரவையையாவது பொறுக்கிவிடலாம். சிந்திய மருந்தும் அதே தடத்தில்தான் விழும், மூலைகளில் தங்கும், துடைத்தாலும் முழுக்க வராது. மருந்துத் தூள் தேங்கும் பள்ளம் எதுவும் பெஞ்சில் இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மர வேலையும் இதே பெஞ்சில்தான், டிராக் ஏற்கெனவே இருக்கிறது என்றால், நிரப்பும்போது தடத்தின் திறந்த பகுதியை அதன் அளவுக்கு வெட்டிய மரக் கீற்றால் மூடிவிடுங்கள். தடத்தைப் பிடித்திருக்கும் குட்டைத் திருகுகளுக்குப் பதில் ஊடுருவும் போல்ட் போடவும் மறக்காதீர்கள். இல்லாவிட்டால் பிரஸ் தடத்தையே மரத்திலிருந்து பிடுங்கும்.

கிளாம்ப்பும் தனித் தாங்கியும்

கிளாம்ப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டேன். உணவு மேசைதான் பெஞ்ச், வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் எடுத்து வைக்க வேண்டும் என்ற நிலையில், இலேசான பிரஸ்ஸை ஒரு கனமான பலகையில் திருகிக் கிளாம்ப் போட்டு நிரப்பலாம். அப்படிச் செய்கிறவர் மருந்தை அடிக்கடி எடை பார்க்க வேண்டும், மெதுவாக இழுக்க வேண்டும். சாப்பிடும் மேசை என்பதால் ஈயத் தூள் பற்றியும் யோசிக்க வேண்டும். துடைத்தெடுக்கும்படி மேலே ஒரு விரிப்பு, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது இரண்டும் கட்டாயம். புரோகிரஸிவை ஒருபோதும் கிளாம்ப்பில் ஏற்றாதீர்கள்.

கிளாம்ப்புக்கு ஒரு நல்ல பயன் இருக்கிறது. துளை போடும் முன் இடத்தைச் சோதித்துப் பார்க்க அதைவிட வசதி கிடையாது.

தனியாகத் தரையில் நிற்கும் இரும்புத் தாங்கி, பெஞ்சுக்கு இடமே இல்லாத வீட்டுக்கு. பிரஸ் உயரமானது, தலை கனத்தது என்று முன்பே பார்த்தோம். அதை ஒற்றைக் காலில் நிறுத்தினால் அடிப்பாகம் மிக அகலமாக இருக்க வேண்டும், அல்லது தரையில் போல்ட் போட வேண்டும். அடியில் ரவை மூட்டை வைக்கத் தட்டு உள்ள தாங்கி தேவலை. காலிக்கூடு, வாட், நிரப்பி முடித்த தோட்டா எல்லாவற்றையும் வைக்க அருகில் வேறொரு மேசை வேண்டும் என்பதால் கடைசியில் இடமும் பெரிதாக மிச்சமாவதில்லை.

உயரமும் விளிம்பும்

நின்றுகொண்டு நிரப்புகிறவருக்கும் உட்கார்ந்து நிரப்புகிறவருக்கும் ஒரே உயரம் ஒத்துவராது. எனக்குக் கண்தான் அளவு. மருந்து விழுந்தபின், வாட் வைக்கும் முன், காலிக்கூட்டுக்குள் எட்டிப் பார்க்க முடிகிறதா? கழுத்தை நீட்டினால்தான் தெரியும் என்றால் பத்தாவது தோட்டாவுக்குப் பிறகு யாரும் பார்க்க மாட்டார்கள். மருந்து விழாத தோட்டாவும் இருமுறை விழுந்த தோட்டாவும் அப்படித்தான் பெட்டிக்குள் போகின்றன. பெஞ்ச் தாழ்வாக இருந்தால் பிரஸ்ஸுக்குக் கீழே உயர்த்தும் மேடை ஒன்று வைக்கலாம். ஆனால் மேடை உயர உயர நெம்பும் தூரமும் கூடும், ஆட்டமும் கூடும். முடிந்தால் நாற்காலியின் உயரத்தை மாற்றுங்கள், பிரஸ்ஸைத் தாழ்வாகவே விடுங்கள். தலைக்கு மேலே ஒரு விளக்கு, அதன் ஒளி நேரே கூட்டின் வாய்க்குள் விழும்படி.

விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி என்பது பிரஸ்ஸைப் பொறுத்தது. கைப்பிடி முழுக்கக் கீழே வரும்போது விரல்கள் பெஞ்ச் விளிம்பில் இடிக்கக் கூடாது. பழைய பிரைமர் விழும் வழி அடியில் இருந்தால் அது பலகையில் முட்டி அடைத்துக்கொள்ளக் கூடாது. பின்பக்கம் குப்பிகளைச் சாய்த்து நிரப்பச் சுவருக்கும் பிரஸ்ஸுக்கும் நடுவே இடம் வேண்டும். இடது வலது இரண்டு பக்கமும் சார்ஜ் பார் முழு தூரம் ஓட வேண்டும்.

சிந்தும் ரவைக்கு என் தீர்வு, விளிம்பு மடித்த ஒரு அகலத் தட்டம். பேக்கிங் செய்யும் தட்டத்தைப் பிரஸ்ஸுக்கு அடியில் வைத்து அதன் ஊடாகவே போல்ட் போடுகிறவர்கள் உண்டு. மெல்லிய தகடு அடித்தட்டின் கீழே நெளிந்து ஆட்டத்தைத் திரும்பக் கொண்டுவரும். தட்டத்தின் நடுவில் அடித்தட்டின் அளவுக்கு ஓட்டை வெட்டி, பிரஸ் நேராக மரத்தில் உட்காரும்படியும் தட்டம் சுற்றி நிற்கும்படியும் செய்தால் இரண்டு காரியமும் நடக்கும்.

எதை எடுப்பது

ஒற்றை நிலைப் பிரஸ் ஒன்றே ஒன்று, சொந்தப் பெஞ்ச்: ஊடுருவும் போல்ட், லாக் நட். இன்று மாலையே போட்டு முடியுங்கள். இரண்டு பிரஸ் அல்லது அதற்கு மேல், அல்லது அந்தப் பெஞ்சில் வேறு வேலையும் நடக்கும் என்றால் மாற்றுத் தட்டு. ரூட்டர் இருந்தால் குழிக்குள், இல்லாவிட்டால் மேலே. புரோகிரஸிவ் ஒன்று, அதுவும் வாரந்தோறும் பறக்கவிடும் களிமண் தட்டுகளைத் துப்பாக்கியால் சுடப் போகிறவர் என்றால், இரண்டாவது பிரஸ் இருந்தாலும் புரோகிரஸிவை நிரந்தரமாகப் போல்ட் போட்டுவிட்டு மற்றதைத் தட்டில் வையுங்கள். அளவு சரிசெய்து வைத்த புரோகிரஸிவை அடிக்கடி கழற்றி மாட்ட வேண்டாம்.

துளை போடும் நாளில் அவசரப்படாதீர்கள். பிரஸ்ஸைக் கிளாம்ப்பில் பிடித்து, மருந்தும் பிரைமரும் இல்லாமல் வெறும் காலிக்கூட்டை வைத்து இருபது முறை முழு இழுப்பு இழுத்துப் பாருங்கள். முழங்கை எங்கே இடிக்கிறது, கண் எங்கே மறைகிறது என்று அப்போது தெரியும். பெஞ்சுக்குக் கீழே இழுப்பறையோ கட்டையோ துளைக்கு நேரே இருக்கிறதா, நட்டைப் பிடிக்க ஸ்பானர் நுழையுமா என்றும் பாருங்கள். எல்லாம் ஒத்துவந்தால் அடித்தட்டையே அச்சாக வைத்துப் பென்சிலால் குறித்து, பிரஸ்ஸை எடுத்துவிட்டுத் துளையிடுங்கள். அடியில் ஒரு வேண்டாத மரத்துண்டைப் பிடித்துக்கொண்டால் துளையின் வாய் பிய்ந்து வராது. துளையிட்ட தூளை முழுக்கப் பெருக்கிவிட்டு, பலகைக்கு ஒரு கோட் வார்னிஷ் அடியுங்கள். துளையின் உள்சுவருக்கும் சேர்த்து. ஈயத் தூளும் மருந்தும் மரத்தின் நாருக்குள் போகாமல் துடைத்தெடுக்க அது உதவும்.

பொருத்திய முதல் நாள் மருந்தைப் பத்து முறை தனித்தனியாக இறக்கி எடை பார்த்து, ஒரு அட்டையில் எழுதிப் பெஞ்சின் பக்கவாட்டில் ஒட்டுங்கள். சில பெட்டிகள் நிரப்பியதும் மரம் அமுங்கி, போல்ட்கள் கொஞ்சம் தளர்ந்திருக்கும். ஒரு முறை திரும்ப இறுக்கி, மறுபடி பத்து முறை எடை பாருங்கள். இரண்டாவது பத்தும் முதல் பத்தை ஒட்டி வந்தால் பிரஸ்ஸைத் தொடாதீர்கள். எண்கள் ஏறிக்கொண்டே போனால் புஷ்ஷிங்கை மாற்றும் முன் பெஞ்சுக்குக் கீழே குனிந்து நான்கு நட்டையும் பாருங்கள்.